முதல் குழாய்

துணி மூலையில் இருந்த சிவப்பு முத்திரை மட்டும் போகவே இல்லை. ராமையா இன்னொரு பிலிம்பிக்காயை நசுக்கி, சாற்றை மையின் மேல் பிழிந்து, கட்டைவிரலால் தேய்த்தார். பித்தளை துலக்குகிற பொடி தீர்ந்து வருஷம் ஒன்றாகிறது. அன்றிலிருந்து தீக்குழாயின் பித்தளை முனையைத் துலக்க, தீயணைக்கிற பொம்பாக்காரர்களுக்கு இந்தப் புளிக்காய்தான் கதி. பச்சைக் களிம்பையே தின்றுவிடும் புளிப்பு அது. ஜப்பான்காரன் மையிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. எழுத்து கலைந்தது, நிறம் பரவியது, வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி ஒரு திட்டு நின்றுவிட்டது.

நாலு கஜம் வெள்ளைத் துணி. புதுசு. ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பாதிப் பேர் கோணிச்சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். அந்த நாளில் ஒருவன் நாலு கஜம் துணி வைத்திருந்தால், எங்கே திருடினாய் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

“விடுண்ணே,” என்றான் நடராஜா. ராமையாவோடு பதினைந்து வருஷமாக பொம்பாவில் இருப்பவன். நேற்று நனைந்த கித்தான் குழாயை மூங்கில் சட்டத்தில் மடித்து மடித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஈரத்தோடு சுருட்டினால் குழாய் மக்கிப்போகும். “தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்ட போட்றாத. கோடித்துணியில ஓட்ட இருக்கக் கூடாது.”

“போவ மாட்டேங்குதுடா.”

“மஞ்சத் தண்ணியில முக்கிப்புடு. கோடிக்கு மூலையில மஞ்ச தடவுறது வழக்கந்தானே. அந்த மூலையில மட்டும் ரெண்டு பூச்சு கூடப் பூசு. எவன் உத்துப் பாக்கப் போறான்?”

யோசனை நல்ல யோசனைதான். அது நல்ல யோசனை என்று மனசு உடனே ஒத்துக்கொண்டதுதான் ராமையாவுக்குக் கூச்சமாக இருந்தது.

தங்கச்சி செல்லாயி காலை எட்டு மணிக்கு இறந்துபோனாள். அப்பா அம்மா இல்லை, வேறு அண்ணன் தம்பி இல்லை. பிறந்த வீட்டுக் கோடி என்று ஒன்று அவள் மேல் விழவேண்டுமானால், அது ராமையாவின் கையிலிருந்துதான் விழவேண்டும். விழாவிட்டால் நாதியற்றுப் போனாள் என்று நாலு பேர் சொல்வார்கள். விழுந்தால், எந்தக் கையால் போடுகிறாய் என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

கேட்கக்கூடியவள் ஒருத்தி இருந்தாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ராமையா டவுன் பொம்பாவில் சேர்ந்தபோது அவர் அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். பால்மரம் வெட்டாத பிள்ளை. சட்டை போட்டு, தொப்பி வைத்து, மணியடிக்கிற சிவப்பு வண்டியில் நின்றுகொண்டு போகிற பிள்ளை. தீப்பிடித்த சீனன் கடை, கிணற்றில் விழுந்த மாடு, வெள்ளத்தில் மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்ட கிழவன், எல்லாவற்றுக்கும் ராமையா போனார். வேலை இல்லாத நாளில் குழாய் கழுவுவது, காயப்போடுவது, சுருட்டுவது, ஏணிக்கு எண்ணெய் போடுவது. பத்து நாள் வேலை துலக்குவது, ஒரு நாள் வேலை அணைப்பது. அதுதான் பொம்பா.

ஜப்பான்காரன் வந்ததும் சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு பேர் கைப்பிடி பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிற பழைய கைப்பம்பு ஒன்றை விட்டுவைத்தான். அதைச் சக்கரத்தில் ஏற்றி, நாலு ஆளையும் ஒரே ஒரு குழாயையும் சேர்த்து, அஞ்சாங்கட்டைத் தோட்டத்து ஸ்டோருக்குக் காவலாக அனுப்பினான். ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடுக்கியிருந்தது. அதற்கு மேல் பரணில் அரிசியும் உப்பும் இருந்தது. அந்த அரிசியைத்தான் ஜப்பான்காரனும் சாப்பிட்டான். தோட்டத்து ஜனங்களுக்கும் அதிலிருந்துதான் வாரத்துக்கு ஒருதரம் டின்னால் அளந்து போட்டான்.

செல்லாயி இருந்த லயம், தோட்டத்து ஜனங்களின் வரிசை வீடு, அந்த ஸ்டோருக்கு எதிரில் இருந்தது. நடுவில் பாரிட்டு, அதுதான் மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய வாய்க்கால். அந்தப்பக்கம் தங்கச்சி, இந்தப்பக்கம் அண்ணன்.

இங்கே ராமையாவின் வேலை இதுதான். காலையில் கிழக்கே பார்த்து ஜப்பான் ராஜாவுக்குக் குனிவது. ஸ்டோரைச் சுற்றி விழுந்த பால்மரத்துச் சருகைக் கூட்டுவது. குழாயில் ஒழுகுகிற இடத்துக்கு ரப்பர் பாலைத் தடவி சாக்குத் துண்டை ஒட்டுவது. மத்தியானம் அதே குழாயைப் பிடித்து, ஸ்டோருக்குப் பொறுப்பான ஜப்பான் அதிகாரியின் ஊபிக்காயு என்கிற மரவள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. செல்லாயி பாரிட்டுக்கு அந்தப்பக்கம் நின்று கிண்டல் பண்ணுவாள்.

“எண்ணே, ஊபிக்காயு தீப்பிடிச்சிருச்சா? இந்த அடி அடிக்கிறே?”

“ஒன் வாயிலதான் தீப்பிடிச்சிருக்கு. அங்க அடிக்கவா?”

“அடி அடி. குளிச்சு மூணு நாளாச்சு.”

காலில் புண் வந்து, நடக்க முடியாமல் ஆன பிறகும் அவள் வாய் மட்டும் குறையவில்லை. படுத்தபடியே குரல் கொடுப்பாள்.

சனிக்கிழமை பயிற்சி. அதிகாரி கையில் கடிகாரத்தோடு நிற்பான். விசில் ஊதியதும் ஓட வேண்டும். ஒருத்தன் உறிஞ்சு குழாயைப் பாரிட்டில் இறக்க, இரண்டு பேர் கைப்பிடியைப் பிடிக்க, ராமையா பித்தளை முனையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோரின் மேற்குச் சுவருக்கு ஓடவேண்டும். முதல் குழாய் ஸ்டோருக்கு. இரண்டாவது குழாய் கிடையாது. கொஞ்சம் தாமதித்தால் கன்னத்தில் அறை விழும். ஒரு சனிக்கிழமை நடராஜாவுக்கு இரண்டு பல் ஆடிப்போனது. ராமையாவுக்குக் காது ஒரு வாரம் கேட்கவில்லை. வருஷம் முழுக்க எத்தனை சனிக்கிழமை! கடைசியில் விசில் சத்தம் மூளைக்குப் போவதே இல்லை, நேராகக் காலுக்குப் போனது.

நேற்று மத்தியானம் விசில் ஊதியபோதும் அப்படித்தான் போனது.

இலை உதிர்கிற மாசம். கூரை அத்தாப்பு ஓலை எல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. லயத்தின் கடைசி அடுப்படியில் பிடித்த நெருப்பு காற்றில் இந்தப்பக்கம் திரும்பியது. ராமையா முனையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேற்குச் சுவர். தண்ணீர் வந்தது. சுவர் நனைந்தது. எரிகிற லயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எரியாத ஸ்டோரை நனைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் காளியம்மா வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். செல்லாயிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன்.

“அண்ணே! செல்லாயி உள்ளாற இருக்காண்ணே! திருப்புண்ணே!”

“இரு, இது அடங்கட்டும்,” என்றார் ராமையா.

சாப்பிட வாங்க என்று வீட்டில் கூப்பிட்டால் சொல்வோமே, அந்த மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். காளியம்மா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே உள்ளே போய் செல்லாயியை இழுத்துக்கொண்டு வந்தாள் என்று பிறகு சொன்னார்கள். ஸ்டோர் தப்பியது. லயத்தில் ஒன்பது வீடு போனது.

செல்லாயியை, தோட்டத்துக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கொட்டகையில் படுக்கவைத்திருந்தார்கள். சாயங்காலம் ராமையா வாசல்வரை போனார். “தூங்குறா,” என்றார்கள். அப்படியே திரும்பிவிட்டார். தூங்கட்டும் என்று அல்ல. விழித்துக்கொண்டால் என்ன செய்வது என்று.

இன்று காலை ஆறு மணிக்கு அதிகாரி அவரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, தோளில் தட்டி, இந்தத் துணியைக் கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு மடியக் குனிந்தார் ராமையா. குனிந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பிரேமாவதிக்கு ஒரு பாவாடை, ஒரு சட்டை. மீதியில் மனைவி மருதம்மாளுக்கு ஒரு ரவிக்கை. பதினாலு வயசு மகள் சாக்கைச் சுற்றிக்கொண்டு வெளியே வரமாட்டாமல் ஆறு மாசமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். அந்த ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. தங்கச்சி கூப்பிடு தூரத்தில் வெந்து கிடக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் மருதம்மாள் அந்தத் துணியை மகள் இடுப்பில் வைத்து அளந்துகொண்டிருந்தபோதுதான் ஆள் வந்து, செல்லாயி போய்விட்டாள் என்று சொன்னான். மருதம்மாள் துணியை மகளின் இடுப்பிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, புருஷன் கையில் வைத்தாள். பிரேமாவதி சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மஞ்சள் பூசின துணியைத் தட்டில் வைத்துக்கொண்டு ராமையா முன்னால் நடந்தார். மருதம்மாள் பின்னால் வந்தாள். எரிந்த லயத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை ஒன்று இருந்தது. ஆனால் அவள் நேர் பாதையிலேயே நடந்ததால் அவரும் அப்படியே போகவேண்டியதாயிற்று. கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. செல்லாயி வீட்டு அம்மி மட்டும் கருத்துப்போய் நடுவில் கிடந்தது.

பிள்ளைக்கொட்டகை வாசலில் பறை இல்லை, சங்கு இல்லை. சத்தம் போட்டால் ஜப்பான்காரன் வருவான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். ராமையா தட்டோடு வருவதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தெரிந்திருக்கிறது என்று நினைத்தார் ராமையா. காளியம்மா சொல்லிவிட்டாள்.

சடங்குகளைப் பார்த்துச் செய்விக்கிற பிச்சை, தோட்டத்தில் மூத்தவர், வந்து தட்டை வாங்கினார். துணியைத் தொட்டதும் அவர் விரல்கள் ஒரு நிமிஷம் நின்றன. புதுத்துணி தொட்டு எத்தனை நாளாயிற்றோ.

“அடேயப்பா. ராமையா, எங்கப்பா புடிச்சே?”

பதில் தொண்டைவரை வந்தது. அதற்குள் அழுதுகொண்டிருந்த பெண்களில் ராக்காயி முந்திக்கொண்டாள். “எங்க புடிச்சா என்ன? போன மாசம் என் மாமியாளுக்கு ஊபி எலதான் கோடி. வாழையெல கூட கெடைக்கல. செல்லாயி குடுத்து வச்சவ. அண்ணன்னா இப்படி இருக்கணும்.”

“அதுவும் நேத்து அந்தப் பாடு பட்டுட்டு,” என்றாள் இன்னொருத்தி.

“அவரு என்னா செய்வாரு?” மருதம்மாள் அழுகையோடு சொன்னாள். “கத்தி மொனையில நிறுத்தி வச்சிருந்தா அவருதான் என்னா செய்வாரு?”

ராமையா மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறாள். கத்தி எதுவும் இல்லை. நேற்று காவல் சிப்பாய்கள் இரண்டு பேரும் தங்கள் சைக்கிளை இழுத்துக்கொண்டு தள்ளி ஓடிவிட்டார்கள். அதிகாரி மரத்தடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராமையா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாயைத் திறக்க இதுதான் நேரம். அவர் திறக்கவில்லை.

கொட்டகைக்குள் செல்லாயியைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தில் பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. புருவம் மட்டும் பொசுங்கியிருந்தது. அது இல்லாமல் அவள் எதையோ கேட்டு ஆச்சரியப்படுகிற மாதிரி இருந்தாள். தலைமாட்டில் காளியம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை எண்ணெய் தடவி இலை சுற்றியிருந்தது.

ராமையா அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டார். அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று கேட்டபிறகுதான் தெரிந்தது.

“தண்ணி கேட்டாண்ணே.”

“ம்.”

“தீப்பட்டவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. பஞ்ச நனச்சு ஒதட்டுல வச்சோம்.” செல்லாயியின் உதட்டைப் பார்த்தாள். “கேட்டுக்கிட்டேதான் இருந்தா.”

பிச்சை துணியை உள்ளே கொண்டுவந்து, விரித்துப் பார்க்கப் பெண்களிடம் கொடுத்தார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தார்கள். கொட்டகையே வெளிச்சமான மாதிரி இருந்தது. மஞ்சள் பூசின மூலை காளியம்மா பக்கம் வந்தது. மஞ்சளுக்குக் கீழே சிவப்பு தெரிந்தது. ராமையா பார்த்தார். காளியம்மாவும் பார்த்தாள்.

ஸ்டோர் கதவில், அரிசி மூட்டையில், ஆள் பிடிக்கிற கடுதாசியில், எல்லாவற்றிலும் இருக்கிற முத்திரை அது. அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போன சீட்டிலும் இருந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும்.

காளியம்மா இலை சுற்றிய கையால், விரல் மடங்காமல், மணிக்கட்டாலேயே அந்த மூலையைத் தள்ளி உள்ளே மடித்தாள்.

“இந்த மூலையில மஞ்ச காயல. கால்பக்கம் உள்ளாற போட்டு மடிச்சிடுங்க,” என்றாள் பெண்களிடம். ராமையாவைப் பார்க்கவில்லை.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். மூஞ்சியில் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பார். இது தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்தார்.

பிச்சை மரத்தடியில் பழனியாண்டியை எழுப்பி நிறுத்தியிருந்தார். செல்லாயியின் புருஷன். கண்ணெல்லாம் வீங்கி, சாக்குத்துண்டு இடுப்பில் நழுவியது தெரியாமல் நின்றான்.

“பழனி, பொறந்த வீட்டுக் கோடி வந்திருக்குப்பா. சம்மதந்தானே? நீ சரின்னு சொன்னாத்தான் உள்ள போடுவாங்க.”

வழக்கமாகக் கேட்கிற கேள்வி. வழக்கமாகத் தலையாட்டுவார்கள்.

“மாப்ள,” என்றார் ராமையா. “தலையாட்டிறாதீங்க. ஒரு வார்த்த பேசணும். இப்படி வாங்க.”

பிச்சை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ராமையா முன்னால் நடந்து பாரிட்டுக் கரையில் போய் நின்றார். பழனியாண்டி பின்னால் வந்தான். வெயில் காலம் என்பதால் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. நேற்று உறிஞ்சு குழாய் கிடந்த இடத்தில் சேறு கலைந்து இன்னும் தெளியவில்லை.

“அந்தத் துணி ஜப்பான்காரன் குடுத்தது மாப்ள,” என்றார். “காலையில. ஸ்டோர காப்பாத்துனதுக்கு.”

பழனியாண்டி ஸ்டோரைத் திரும்பிப் பார்த்தான்.

“கத்தி மொன, அது இதுன்னு மருதம்மா சொல்றா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. எவனும் என்னைப் புடிச்சு நிறுத்தல. வெசில் ஊதுச்சு, நான் ஓடிட்டேன். எப்பவும் ஓடுற பக்கம் ஓடிட்டேன்.” மூச்சு வாங்கியது. “காளியம்மா வந்து சட்டையப் புடிச்சு இழுத்துச்சு. உள்ள இருக்கா, திருப்புன்னுச்சு. கேட்டுச்சு மாப்ள. காதுல நல்லா கேட்டுச்சு. நான் இருன்னு சொன்னேன். இது அடங்கட்டும்னு சொன்னேன். பதினஞ்சடி தூரம். கைய இப்படித் திருப்புனா போதும்.”

திருப்பிக் காட்டினார். கை காற்றில் நின்றது.

“இதுக்கு அப்புறம் என் கோடி வேணாம்னா சொல்லிடுங்க. நான் எடுத்துட்டுப் போயிடுறேன். மொற இல்லன்னு சொன்னாலும் சரிதான். ஊர் முன்னாடி சொல்லுங்க, நின்னு கேட்டுக்கிறேன்.”

பழனியாண்டி குந்தி உட்கார்ந்தான். பாரிட்டுத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அடிப்பான் என்று ராமையா காத்திருந்தார். அடித்தால் நல்லது என்றிருந்தது.

“எங்கிட்டயும் வந்துச்சு மச்சான்,” என்றான் பழனியாண்டி.

“யாரு?”

“காளியம்மாதான்.” அவன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் ஊபிக் காட்டுலேருந்து ஓடியாந்தேன். இந்தா, இங்கதான், வாளி வரிசையில நிறுத்துனாங்க. பாரிட்டுலேருந்து ஸ்டோரு வரைக்கும் வரிசை. நீங்க அந்தப்பக்கம் சொவரு. நாங்க இந்தப்பக்கம் சொவரு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்கன்னு எவனோ சொன்னான். நானும் நம்புனேன். நம்பிக்கிட்டேன்.”

“மாப்ள…”

“அப்பறம் அது ஓடியாந்துச்சு. அண்ணே, ஒன் பொண்டாட்டி உள்ளாறன்னு சொல்லுது. எங்கையில வாளி. பின்னால ஒருத்தன் அடுத்த வாளிய நீட்டுறான். தோ, இத வாங்கிக் குடுத்துட்டு வர்றேன்னேன்.” அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். “குடுத்தேன். அதுக்குள்ள அடுத்தது வந்துருச்சு. அதையும் குடுத்தேன். கை நிக்கல மச்சான். ஒண்ணக் குடுத்தா ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்கைதானே, நான் சொன்னா நிக்கணும்ல? நிக்கல.”

ராமையாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு அடுத்தவன்கிட்டயும் அது போச்சு. அவனுக்கு அடுத்தவன்கிட்டயும். வரிசை பூரா ஓடுச்சு. எல்லாம் நம்ம ஆளுங்கதான். ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. இரு தாயின்னு ஒருத்தன். அரிசி போயிட்டா புள்ளைங்க செத்துரும்னு ஒருத்தன். அதுவும் நெசந்தானே? வரிசையில கடைசி ஆள் வரைக்கும் கேட்டுப் பாத்துட்டுத்தான் அது திரும்பிப் போயி தீக்குள்ளாற நொழைஞ்சுச்சு.”

மரத்தடியில் முப்பது பேர் குந்தியிருந்தார்கள். யாரும் இந்தப்பக்கம் பார்க்கவில்லை. தன்னைக் கண்டதும் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டது ராமையாவுக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. ஒருவன் காய்த்துப்போன உள்ளங்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

“காலையில அவ உயிர் போனப்பறம் காளியம்மா கால்ல விழுந்தேன்,” என்றான் பழனியாண்டி. “எழுந்திரிண்ணே, பொணம் கெடக்குது, ஆகவேண்டியதப் பாருன்னு சொல்லிருச்சு. அவ்வளவுதான் சொன்னுச்சு.”

எரிந்த லயத்திலிருந்து ஒரு கட்டை மளுக்கென்று முறிந்து விழுந்தது.

“போத்துங்க மச்சான்,” என்றான் பழனியாண்டி கடைசியில். “எவன் துணியா இருந்தா என்ன. அவ ஒடம்புல நூல் துணி இல்ல. சாக்கு அவளுக்கு ஆவாது, குத்துதுன்னுக்கிட்டே இருப்பா.”

எழுந்து, சாக்குத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தான். மரத்தடிக்கு வந்து பிச்சையிடம், “சம்மதம்,” என்றான். பிச்சை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

குளிப்பாட்டுகிற வேலை தொடங்கியது. கொட்டகைக்குப் பின்னால் தென்னங்கீற்றும் சாக்கும் வைத்து மறைப்புக் கட்டினார்கள். பெண்கள் நாலு பேர் செல்லாயியைப் பலகையில் கிடத்தி உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

“ரெண்டு கொடம் தண்ணி போதும்,” என்றார் பிச்சை. “மொதக் கொடம் பொறந்த வீடு. அடுத்தது புருஷன். வெந்த ஒடம்பு. மெதுவா ஊத்தணும்.”

குடம் எல்லாம் லயத்தோடு போய்விட்டது. இருந்தது வாளிதான். ராமையா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். இருபது வருஷமாகத் தண்ணீர் தூக்கின கை. அந்த ஒரு வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தளும்பாமல் கொண்டுவந்து மறைப்பின் இடைவெளியில் நீட்டினார். உள்ளேயிருந்து ராக்காயி வாங்கிக்கொண்டாள். இடைவெளிக்குப் பக்கத்தில் காளியம்மா நின்றிருந்தாள். அந்தக் கையால் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் நின்றிருந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

பழனியாண்டியின் வாளி வந்தது. அதுவும் உள்ளே போனது.

இரண்டு வாளி ஆயிற்று. ராமையா காலி வாளியை வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தார். நகர முடியவில்லை. பின்னால் நடராஜா நின்றான். அவன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். அவனுக்குப் பின்னால் மரத்தடியில் உள்ளங்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கிணற்றடியிலிருந்து மறைப்புவரை ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றுவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வாளி இல்லாதவர்கள் நடுவில் நின்று, பின்னால் வருவதை வாங்கி முன்னால் கொடுத்தார்கள்.

நடராஜா வாளியை நீட்டினான். ராமையா வாங்கி உள்ளே கொடுத்தார். அடுத்த வாளி வந்தது. கொடுத்தார்.

“போதும்ணே,” என்றாள் காளியம்மா. குரலில் கோபம் இல்லை. “ரெண்டுதானே சொன்னாங்க.”

பிச்சை ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வரிசையைப் பார்த்துவிட்டுத் தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரும் போய்க் கடைசியில் நின்றார்.

“போதும்ணே,” என்றாள் மறுபடியும்.

மறைப்புக்குக் கீழே தண்ணீர் வழிந்து வந்தது. முதலில் மஞ்சளாக, பிறகு கொஞ்சம் கரியோடு, பிறகு தெளிவாக. காளியம்மாவின் காலடியில் தேங்கி, அங்கிருந்து ராமையாவின் கால்விரல்களுக்கு வந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

பின்னால் வாளிக் காது கிணுகிணுத்தது. திரும்பாமல் கையை நீட்டினார்.